சந்தா கட்டிய பகடை ஆப்பை நம்பி ஒரு நல்ல ஆட்டக்காரரை விரட்டினோம்

ஆப்பின் பெயரைக் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், சொல்லப்போவதில்லை. பகடை எண்கள் ஒழுங்காக விழாத ஒரு கோளாறு அதில் இருந்தது, இப்போது இல்லை. ஆனால் அதே கோளாறு நாளைக்கு நீங்கள் இறக்கும் வேறொன்றில் இருக்கலாம், அதனால் பெயரைவிட நாங்கள் எப்படி மாட்டினோம் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நாங்கள் ஐந்து பேர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, நடப்பதைப் பகடையால் தீர்மானிக்கும் கதை விளையாட்டு), ஐந்தாம் பதிப்பு, வாரம் ஒருமுறை, ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தி அரக்கர்களை ஆட்டுவிக்கும் ஆள். புது கேம்பெயின் (பல வாரம் தொடரும் கதை) தொடங்கும்போது பகடையை விட்டு ஆப்புக்கு மாறலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். பெரிய காரணம் எல்லாம் இல்லை. மேசைக்கடியில் உருண்டு போன பகடையைத் தேடுவது, புத்தகத்தின் மேல் சாய்ந்து நின்றால் அதை எண்ணுவதா மறுபடி உருட்டுவதா என்ற சண்டை, எட்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டி முடிப்பதற்குள் ஃபயர்பால் மந்திரம் ஆறிப்போவது, இவ்வளவுதான். இலவசமாகவே எத்தனையோ இருக்க, எல்லோருடைய உருட்டலும் ஒரே திரையில் வரும் என்பதற்காகவும், 'முழுக்க முழுக்கத் தற்செயல்' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததற்காகவும், ஐந்து பேரும் பங்கு போட்டு ஒரு வருடச் சந்தா கட்டினோம்.

இரண்டாம் மாதம் ஆறாவதாக ஒருவர் சேர்ந்தார். எங்களைவிட வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஆப் எல்லாம் வேண்டாம், கையில் உருளாவிட்டால் எனக்கு ஆடின மாதிரியே இருக்காது என்று சொல்லி, முனை மழுங்கின தன் பழைய டி20-யை (இருபது முகப் பகடை) கொண்டுவந்தார். சரி, ஒருவர்தானே என்று விட்டுவிட்டோம்.

பிரச்சினை மெதுவாகத்தான் ஆரம்பித்தது. அண்ணனுக்கு 20 விழுந்துகொண்டே இருந்தது. ரோக் (திருட்டுக் கில்லாடிக் கதாபாத்திரம்) ஆடுகிறவன் ஒருநாள் சிரித்துக்கொண்டே கணக்கு எடுக்க ஆரம்பித்தான், மூன்று மாதத்தில் அது சிரிப்பாக இல்லை. அண்ணனுக்கு 17 முறை 20. மற்ற நான்கு பேரில் யாருக்கும் 9-ஐத் தாண்டவில்லை. ஐந்தாம் பதிப்பில் தாக்கும்போது 20 விழுந்தால் சேதத்துக்கு உருட்டும் பகடைகள் இரண்டு மடங்கு, சாதகமான நேரத்தில் தாக்கினால் ரோக்குக்குக் கிடைக்கும் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதப் பகடையும் சேர்த்து. கதாபாத்திரம் சாகக் கிடக்கும்போது, பிழைப்பதா சாவதா என்று உருட்டும் டெத் சேவில் 20 விழுந்தால் எழுந்தே உட்கார்ந்துவிடும். அதனால் யாருக்கு எத்தனை 20 என்பது சின்ன விஷயம் இல்லை, அதுவும் வாராவாரம் ஒரே ஆளுக்கு என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

(அண்ணனுக்கு 1-ம் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் விழுந்தது. அதை ஒருவரும் எண்ணவில்லை. நானும்தான்.)

நான்காம் மாதக் கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, எல்லாரும் ஒரே ஆப்புல உருட்டினா நல்லது." அவர் பகடையைக் கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். "என் பகடை மேல சந்தேகமா, என் மேல சந்தேகமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு ஆட்டம் முடியும்வரை இருந்துவிட்டுத்தான் போனார், அடுத்த வாரம் வரவில்லை.

அவர் போனபிறகு மேசையில் 20 விழுவதே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஆட்டத்தில் ஆறு மணி நேரம், ஐந்து பேர், ஒரே ஒரு 20. அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும், ஆனால் உறுத்தியது. ஆப்பில் ஒரே அழுத்தில் 100 முறை உருட்டும் வசதி இருந்தது. ராத்திரி உட்கார்ந்து 20 தடவை அழுத்தி, 2000 உருட்டலையும் அட்டவணையில் போட்டேன்.

ஒழுங்கான டி20 என்றால் ஒவ்வொரு எண்ணும் சுமார் 100 முறை வர வேண்டும், பத்து இருபது கூடக் குறைய இருக்கலாம். எனக்கு 2 முதல் 19 வரை எல்லாம் 88-க்கும் 124-க்கும் நடுவில் வந்தன. 1 வந்தது 56 முறை. 20 வந்தது 49 முறை. நம்ப முடியாமல் மறுநாள் இன்னொரு 2000. அதே கதை, இரண்டு முனையும் பாதி.

புரோகிராம் எழுதும் நண்பன் ஒருவனிடம் அட்டவணையைக் காட்டினேன், பார்த்ததும் சிரித்துவிட்டான். கணினி முதலில் 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு தசம எண்ணைக் கொடுக்கும். அதை 20-ஆல் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு, 1 கூட்டினால் சரியான டி20. அதற்குப் பதிலாக 19-ஆல் பெருக்கி, பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோய், 1 கூட்டினால் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும், 1 முதல் 20 வரை எல்லாம் வரும். ஆனால் நடு எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு அளவு இடம் இருக்க, 1-க்கும் 20-க்கும் மட்டும் அரை அளவுதான் கிடைக்கும். 5 சதவீதம் இருக்க வேண்டியது 2.63 சதவீதம் ஆகிவிடும். அவன் ஆப்பின் உள்ளே பார்க்கவில்லை, எண்களை வைத்துத்தான் சொன்னான். ஆனால் 4000 உருட்டலும் அந்தக் கணக்கோடு அப்படியே பொருந்தின.

இதில் கொடுமை என்னவென்றால் சராசரி மாறவே மாறாது. சரியான டி20-க்கும் 10.5, இதற்கும் 10.5. அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. மொத்தத்தில் ஜெயிப்பது தோற்பது எல்லாம் வழக்கம்போல நடக்கும், ஆட்டம் மட்டும் சப்பென்று இருக்கும். ரோக் ஆடுகிறவன் எப்போதும் அட்வான்டேஜோடு, அதாவது இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்கிறவன், அவனுக்கு 20 கிடைக்கும் வாய்ப்பு 9.75 சதவீதம் இருந்திருக்க வேண்டும், கிடைத்தது 5.2-தான். ஆறுமுகப் பகடையையும் எண்ணினோம், அதிலும் 1-ம் 6-ம் நடு எண்களில் பாதி. நான்கு உருட்டி சிறியதை விட்டுவிட்டு மீதி மூன்றைக் கூட்டும் முறையில்தான் கேரக்டர்களின் பலம், புத்தி போன்ற எண்களைப் போட்டிருந்தோம், அந்த முறையில் 18 வர 1.6 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆப்பில் அது 0.4-க்கும் கீழே. என் அரக்கர்களும் இதே ஆப்பில்தான் உருட்டினார்கள் என்பது மட்டும் ஆறுதல்.

அட்டவணையோடு ஆப்காரர்களுக்கு எழுதினேன். ஒன்பது நாள் கழித்து வந்த பதில், மனித மூளை தற்செயலில் வடிவம் தேடும், சில சமயம் அதிர்ஷ்டம் இல்லாத மாதிரி தோன்றும் என்று எனக்கே பாடம் எடுத்தது. பொதுவாக அது உண்மைதான், நான் அனுப்பியது தோன்றல் இல்லை, 4000 உருட்டல் என்று திரும்ப எழுதினேன். சேவையை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காது என்று அடுத்த பதில். ஒரு மாதம் கழித்து ஒரு அப்டேட், 'சிறு திருத்தங்கள்' என்று மட்டும் போட்டு. மறுபடி 2000 உருட்டினேன். 20 வந்தது 103 முறை. ஒரு மன்னிப்பு வார்த்தை கிடையாது.

அண்ணனுக்கு அப்டேட் வரும்வரை காத்திருக்கவில்லை, எண்ணி முடித்த வாரமே போன் பண்ணினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என் பகடையையும் எண்ணிட்டு அப்புறம் மன்னிப்புக் கேளு" என்றார். கொடுத்தும் அனுப்பினார். கையால் 600 முறை உருட்டினேன், மணிக்கட்டு விட்டுப்போனது. 30 வர வேண்டிய 20, 33 முறை வந்தது. 1 வந்தது 28.

கைப்பகடை எல்லாம் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. உள்ளே காற்றுக்குமிழி மாட்டின பகடைகள் உண்டு. பிளாஸ்டிக் என்றால் உப்பு கரையக் கரையப் போட்ட தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள், திரும்பத் திரும்ப ஒரே பக்கம் மேலே வந்தால் சந்தேகப்படலாம் (உலோகம் மூழ்கிவிடும், அதற்கு எண்ணுவதுதான் வழி). ஆப் வாங்குவதாக இருந்தால் இலவசக் காலத்திலேயே ஆயிரம் இரண்டாயிரம் உருட்டி எண்ணுங்கள், முக்கியமாக இரண்டு முனைகளையும், சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். உருட்டிய முடிவை அழிக்கவோ மாற்றவோ விடுகிற ஆப்பைத் தொடவே வேண்டாம், அது வேறு வகைச் சண்டையில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. நான் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆப் ஸ்டோரில் சந்தாப் பக்கத்துக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும், புதுப்பிக்கும் தேதிக்கு நான்கு நாள் முன்னால் அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார், டெத் சேவுக்கு உருட்டப் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டே.