சத்தம் விற்காத பட்டறை: ஆக்டேவியா ஆர்எஸ் காருக்குக் கோவையில் செய்த எக்ஸாஸ்ட்

டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பொருத்திய பெட்ரோல் கார்களுக்குப் புகைக்குழாய், அதாவது எக்ஸாஸ்ட், மாற்றித் தரும் பட்டறைகள் தமிழ்நாட்டில் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை விற்பது சத்தத்தைத்தான். கோவை கணபதிப் பகுதியில், லேத் பட்டறைகளுக்கும் பம்ப் உதிரிபாகக் கூடங்களுக்கும் நடுவே பெயர்ப் பலகைகூட இல்லாமல் நடந்துவரும் ஒரு சிறிய பட்டறை, காரின் சத்தத்தைக் கூட்டாமலேயே அதன் மூச்சைத் திறந்து தருகிறது என்பதால் அதைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது. உரிமையாளர் விளம்பரத்தை விரும்பாதவர். சொல்வதற்குச் சில குறைகளும் எனக்கு இருக்கின்றன. ஆகவே பெயரைக் குறிப்பிடவில்லை. கோவையில் பழைய ஸ்கோடா வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள்.

என் கார், 2004இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த அதே 1.8 லிட்டர், 20 வால்வ் டர்போ இஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் 180 குதிரைத்திறனோடு விற்ற இந்தக் கார் இங்கே 150 குதிரைத்திறனோடுதான் வந்தது. டர்போ, சின்னஞ்சிறிய கே03. வயதான கார் என்பதால் பழைய சைலன்சர் துருவில் அரித்து, சத்தத்தை அடக்கும் மஃப்ளர் டப்பாவுக்குள் இருந்த தடுப்புத் தகடு கழன்று ஆடத் தொடங்கியிருந்தது. அசல் உதிரிபாகம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. புதிதாகச் செய்வதென்றால் ஒழுங்காகவே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

இந்த வேலையில் முதலில் கவனிக்க வேண்டியது, பட்டறைக்காரர் டர்போவைப் புரிந்துவைத்திருக்கிறாரா என்பது. "இஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம்; டர்போ காரில் அதற்கு இடமே இல்லை. டர்பைன் எனப்படும் டர்போவின் புகைச் சக்கரத்தைச் சுழற்றுவது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் விகிதம். பின்பக்க அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு சீக்கிரம் டர்பைன் வேகம் பிடிக்கும். ஆகவே டர்போவை ஒட்டி இறங்கும் முதல் முழம் குழாய், அதாவது டவுன்பைப், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பின் பம்பருக்கடியில் பளபளக்கும் முனைக்கு அழகைத் தவிர வேறு வேலை கிடையாது. இந்த உரிமையாளர் பேச்சைத் தொடங்கியதே டவுன்பைப்பிலிருந்துதான். முழுக்க மூன்று அங்குலக் குழாய் போடலாமா என்று கேட்டதற்கு, "மூணு இஞ்ச் போட்டா லாபம் எனக்குத்தாங்க, இந்த டர்போவுக்கு ரெண்டரையே தாராளம்" என்றார். கணக்கும் அதையே சொல்கிறது. இரண்டு அங்குலக் குழாயை இரண்டரையாக்கினாலே குறுக்குப் பரப்பு 56 சதவீதம் கூடிவிடுகிறது. 150 குதிரைத்திறன் தரும் காருக்கு அதற்கு மேல் போவது எடையையும் சத்தத்தையும்தான் கூட்டும். டவுன்பைப் மட்டும் மூன்று அங்குலம், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின் கடைசி வரை இரண்டரை அங்குலம் என்று முடிவாயிற்று.

இதில் ஓர் ஆபத்து உண்டு. மிஞ்சும் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவு, இந்த டர்போவில் உள்ளேயே இருக்கிறது. அதன் துளை சிறியது. டவுன்பைப் தாராளமாகிவிட்டால், வேஸ்ட்கேட் முழுவதும் திறந்த பிறகும் தேவைக்கு மேல் புகை டர்பைன் வழியாகவே பாய்ந்து, பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், கட்டுக்கடங்காமல் ஏறக்கூடும். இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதைக் கண்டுகொண்டு காரைப் பாதுகாப்பு நிலைக்குத் தள்ளி, பாதிச் சக்தியில் ஓட வைத்துவிடும். எனவே டர்பைன் வாயை ஒட்டிய பகுதியை நேர்க்குழாயாக வைக்காமல், வேஸ்ட்கேட் புகையும் டர்பைன் புகையும் மோதிக்கொள்ளாதபடி அகன்ற வாயாக விரித்து, அதன் பிறகே மூன்று அங்குலத்துக்குக் குறுக்கியிருக்கிறார். வண்டியை வெளியே எடுக்கும் முன் பூஸ்ட் அளவியை மாட்டி, மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓட்டிப் பார்த்து, அழுத்தம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறதா என்று சோதித்ததையும் குறிப்பிட வேண்டும்.

அடுத்தது உலோகம். நம் ஊரில் ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்ற பெயரில் விற்கும் குழாய்களில் பல 202 ரகம். மாடிப்படிக் கைப்பிடிக்குப் போதுமானது. நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்த ரகம் அது. 304 ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பக் கூடாது, ஏனென்றால் 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சொட்டு மருந்தால் சோதித்தால் மாங்கனீஸ் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பட்டறையில் அந்த மருந்து பாட்டில் மேசை மேலேயே இருக்கிறது; கேட்டால் உங்கள் குழாயில் உங்கள் கண் முன்னாலேயே ஒரு சொட்டு விட்டுக் காட்டுகிறார். கனம் ஒன்றரை மில்லிமீட்டர். ரசாயன ஆலைகளுக்கான கனத்த பைப்பைப் போட்டுக் காரின் பின்பக்கத்தைத் தொங்கவிடும் வேலை இங்கே நடப்பதில்லை.

வெல்டிங்தான் இந்தப் பட்டறையின் உயிர். இதைச் செய்பவர் பல ஆண்டுகள் பால் பதப்படுத்தும் தொட்டிகளும் குழாய்களும் செய்த கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே குழாயின் உட்புறம் வழுவழுப்பாக இல்லாவிட்டால் பால் தேங்கிக் கெட்டுவிடும். ஆகவே உட்புறத்திலும் ஆர்கான் வாயுவை நிரப்பிக்கொண்டு பற்றவைப்பது அவருக்குக் கையில் ஊறிய பழக்கம். கார் சைலன்சர் செய்யும் இடங்களில் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஆர்கானுக்குக் காசு அதிகம், குழாயின் இரு முனைகளையும் அடைத்து, உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும், வேலை முடிந்த பிறகு வாடிக்கையாளர் யாரும் உள்ளே பார்ப்பதும் இல்லை. அப்படிச் செய்யாவிட்டால் வெளியே வானவில் நிறத்தில் அழகாகத் தெரியும் அதே வெல்டிங் தையலின் உட்புறம், அடுப்பில் தீய்ந்த சர்க்கரைப் பாகு போலக் கறுத்துப் பொரிந்து நிற்கும். அந்தப் பொரிவு புகையின் ஓட்டத்தைக் கெடுப்பது ஒருபுறம் இருக்க, அதில் குரோமியம் எரிந்துபோயிருப்பதால் துருவும் விரிசலும் தொடங்குவது அங்கிருந்துதான். ஒவ்வொரு துண்டையும் இணைப்பதற்கு முன் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். தையல் எங்கே என்று விரலுக்குத் தெரிந்ததே தவிர, எங்கும் சொரசொரப்பு இல்லை. வெல்டிங்கில் உருக்கி நிரப்பும் கம்பியில், சாதாரண இடங்களுக்கு 308எல் ரகம், எஸ்.எஸ். குழாயைச் சாதாரண இரும்புத் தகட்டோடு சேர்க்கும் இடங்களில் மட்டும் 309எல் என்று கம்பியைக்கூட மாற்றிப் பயன்படுத்துகிறார். பலர் கைக்குக் கிடைத்த கம்பியை எல்லா இடத்துக்கும் ஓட்டிவிடுவார்கள்.

கோவையில் இப்படி ஒருவர் இருப்பது தற்செயல் அல்ல. பம்ப், ஜவுளி இயந்திரம், வார்ப்படம் என்று உலோகத்தோடு பழகிய ஊர் இது. கார் பந்தய வீரர் கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை இங்கேதான் உருவாக்கினார். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பந்தயக் காருக்குக் குழாய் வளைத்த கைகளும் தொட்டிக்குத் தையல் போட்ட கைகளும் ஒரே தெருவில் டீ குடிக்கும் ஊர்.

வளைவுகள் எல்லாம் நசுங்காமல் இருக்க உள்ளே மாண்ட்ரல் என்ற தாங்குகட்டையை வைத்து வளைத்த ஆயத்த பெண்டுகள். அவற்றைத் தேவையான கோணத்துக்கு அறுத்து இணைத்திருக்கிறார். எங்கும் நசுங்கல் இல்லை. எஸ்.எஸ். சூட்டில் அதிகம் நீளும் உலோகம். மூன்று மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீண்டுவிடும். அதற்கு இடம் கொடுக்க டவுன்பைப்புக்குப் பின் பின்னல் போர்த்திய ஃபிளெக்ஸ் குழாயும், ஸ்கோடாவின் பழைய இடங்களிலேயே ரப்பர் தொங்கிகளும் வைத்திருக்கிறார். சக்கரத்தைச் சுழற்றும் வலப்பக்க டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறைக்கு டவுன்பைப்பின் சூடு படாதபடி இடையில் ஒரு தகட்டுக் கவசம் இருக்கிறது. நம் வேகத்தடைகளை நினைத்து, நடுப்பகுதியில் உருண்டைக் குழாய்க்குப் பதிலாகத் தட்டையான நீள்வட்டக் குழாய் போட்டதைத் தனியாகப் பாராட்ட வேண்டும். குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் தகடுகளின் போல்ட்டுகளும் தரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருக்கின்றன.

புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார்களுக்கான பொருத்துவாய்களைக் குழாயின் அடிப்பக்கத்தில் வைக்காமல் மேற்பாதியில் சாய்த்து வைத்திருக்கிறார். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பும்போது குழாயில் சேரும் நீர் சென்சாரின் பீங்கானில் பட்டால் அது விரிசல் விட்டுவிடும் என்பதை அறிந்து செய்த வேலை இது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறுங்குழாய் போட்டுத் தரச் சொல்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். எனக்குப் போட்டது தடை குறைந்த, உலோகத் தேன்கூடு கொண்ட கன்வெர்ட்டர்; இஞ்சின் விளக்கு இதுவரை எரியவில்லை, புகைச் சோதனையிலும் கார் தேறிவிட்டது.

இனிச் சத்தம். டர்பைனே பாதி மஃப்ளர் வேலையைச் செய்துவிடுவதால், டர்போ காரின் சத்தத்தை அடக்குவது மற்றக் கார்களைவிட எளிது. கடினம், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் நிற்கும் அந்த முணுமுணுப்புதான். நான்கு சிலிண்டர் இஞ்சின் 2,700 சுற்றில் ஓடும்போது புகைத் துடிப்பு நொடிக்கு 90 முறை வரும். காரின் உடற்கூடே அதோடு சேர்ந்து அதிரத் தொடங்கும். இதற்கு முனை மூடிய பக்கக் குழாய் ஒன்றை இணைக்க வேண்டும். அதற்குள் போன ஒலி அலை மூடிய முனையில் பட்டு, எதிர்க்கட்டத்தில் திரும்பி வந்து அந்த முணுமுணுப்பை அடக்கும். பின்பக்கப் புகையின் சூட்டைக் கணக்கில் எடுத்தால் அந்தக் குழாய் ஒன்றே கால் மீட்டர் நீளம் வேண்டும். ஸ்டெப்னிக் குழிக்குப் பக்கத்தில் அதை வளைத்து மறைத்திருப்பது நேர்த்தியான வேலை. 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் பின் இருக்கையில் உட்கார்ந்து இயல்பான குரலில் பேச முடிகிறது. ஆனால் நீளத்தை முதல் முறையே சரியாகக் கணக்கிடவில்லை. ஓட்டிப் பார்த்து, மூடியை அறுத்து, குட்டையாக்கித்தான் இந்த நிலைக்கு வந்தது. ஒரு டெசிபல் மீட்டர் வாங்கிக் காருக்குள் வைத்து அளந்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். இத்தனை நுணுக்கம் பார்ப்பவர் அந்தச் சிறு செலவைத் தவிர்ப்பது எனக்குப் புரியவில்லை.

ஓட்டத்தில் தெரியும் மாற்றம், பூஸ்ட் முன்னதாகவே வருவதுதான். பாலக்காட்டுச் சாலையில் நான்காம் கியரிலேயே லாரியை முந்த முடிகிறது. முன்பு மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றாமல் குதிரைத்திறன் கூடியதாக எண் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு, ஆகவே சொல்லவில்லை. ஈசியூ டியூனிங் இன்னும் செய்யவில்லை. அதைச் செய்யாதவரை இந்தக் குழாயின் முழுப் பயனும் கிடைக்காது என்பதை மறைக்கத் தேவையில்லை.

குறைகளில் பெரியது கால தாமதம். சொன்ன நாளில் வண்டி கிடைக்காது, ஏன் கிடைக்கவில்லை என்று அவராக அழைத்துச் சொல்லவும் மாட்டார். வண்டியை எடுத்துப் போன புதிதில் பின்முனை பம்பர் ஓரத்தில் உரசியது. காசு வாங்காமல் சரிசெய்துகொடுத்தார் என்றாலும், நான்கு பேரை ஏற்றிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பில்லில் "எக்ஸாஸ்ட் வேலை" என்ற ஒற்றை வரிக்கு மேல் எதுவும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, சத்தத்துக்கும் புகைக்கும் தனி. 15 ஆண்டு முடிந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும்போது ஆய்வாளர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கலாம். பழைய குழாயின் நல்ல பகுதிகளை எடைக்குப் போடாமல், திரும்ப மாட்டும்படி ஃபிளாஞ்ச் வைத்துக் கட்டித் தருகிறார். கேட்காமலேயே செய்தது இது. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் கார் என்றால் இந்தக் கவலை இல்லை.

கன்வெர்ட்டரையும் சேர்த்து மொத்தச் செலவு ஒரு லட்சத்தை ஒட்டி வந்தது. ஆயத்தமாக வரும் வெளிநாட்டு எக்ஸாஸ்டைச் சுங்கம் கட்டி இறக்கினால் இதைவிடக் கணிசமாகக் கூடும், அதை நம் வண்டிக்குப் பொருத்த மறுபடியும் ஒரு வெல்டரைத்தான் தேட வேண்டியிருக்கும். பாதிப் பணம் முன்னதாகக் கேட்கிறார். அதைக் கொடுக்கும்போதே குழாய் வாங்கிய பில்லையும் உலோகத் தரச் சான்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். வண்டியை எடுத்த பிறகு கேட்டால், அந்தக் காகிதங்களைத் தேடி எடுத்துத் தர அவருக்கு இன்னொரு வாரம் பிடிக்கும்.