காவலிலுள்ள ஆவிகள்: டால்டனா, குரூடெமா?

1 பேதுரு 3:19 சொல்வது இவ்வளவுதான்: கிறிஸ்து போய், காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார். நோவாவின் நாட்களில் கீழ்ப்படியாமற்போனவர்கள் என்று அடுத்த வசனம் சேர்க்கிறது. அவர்கள் மனிதர்களா, தூதர்களா? கிறிஸ்து எப்போது போனார்? பேதுரு என்ன சொல்ல வருகிறார் என்று உறுதியாகத் தெரியவில்லை என மார்ட்டின் லூத்தரே எழுதிவைத்தார்.

இந்தப் பகுதியைப் படிக்க நூல் கேட்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சொல்வேன். ஒருவர் இயேசு சபைக் குருவான வில்லியம் டால்டன். அவருடைய ஆய்வு நூல் 1965இல் ரோமில் வெளிவந்தது, திருத்திய பதிப்பு 1989இல். மற்றவர் அமெரிக்க இறையியலாளர் வேய்ன் குரூடெம். 1988இல் டின்டேல் என்ற வேதாகம உரைநூல் வரிசையில் 1 பேதுருவுக்கு எழுதிய உரைநூலின் பின்னிணைப்பில் இதைத் தனியாக எடுத்துக்கொள்கிறார்.

குரூடெம் ஆதித்திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டீனின் பழைய கருத்துக்கு உயிர் கொடுக்கிறார். பேழை கட்டிய நாட்களில் நோவாவின் வாயிலாகப் பேசியது கிறிஸ்துவின் ஆவி. கேட்க மறுத்தவர்களே இன்று காவலில் இருக்கிறார்கள். தீர்க்கதரிசிகளுக்குள் கிறிஸ்துவின் ஆவி இருந்ததாக 1:11இல் பேதுருவே சொல்வதால் வாதத்துக்குப் பிடிமானம் உண்டு. தெளிவான நடை; எதிர்க்கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து மோதும் துணிச்சலும் இருக்கிறது. ஆனால் பாடுபட்டார், கொலையுண்டார், உயிர்ப்பிக்கப்பட்டார், போனார் என்று வரிசையாக நகரும் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, ஜலப்பிரளயத்துக்கு முன்னால் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை.

டால்டன் அந்த வரிசையைக் கலைப்பதில்லை. 19ஆம் வசனத்தின் பயணமும், பரலோகத்துக்குப் போனதாகச் சொல்லும் 22ஆம் வசனத்தின் பயணமும் ஒன்றே என்கிறார். உயிர்த்த கிறிஸ்து மேலேறும்போது, ஆதியாகமம் 6இன் வீழ்ந்த தூதர்களுக்குத் தம் வெற்றியை அறிவிக்கிறார். பாதாளத்தில் மரித்தோருக்கு இரண்டாம் வாய்ப்பு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. வேதாகமத்தில் சேராத பழைய யூத நூலான ஏனோக்கின் நூலில் ஏனோக்கு போய் இதே தூதர்களுக்குத் தண்டனையை அறிவிக்கும் காட்சிதான் பின்னணி. பேதுருவின் நிருபத்தைப் பெற்ற சிறிய ஆசியாவின் விசுவாசிகளுக்கு அந்தக் கதை தெரிந்திருக்குமா என்று குரூடெம் மடக்குகிறார், நியாயமான கேள்வி. ஆனாலும் யூதாவின் நிருபம் ஏனோக்கைப் பெயர் சொல்லியே மேற்கோள் காட்டுகிறது. அத்தனை அந்நியமான நூலாக அது இருந்திருக்க முடியாது.

டால்டனின் உண்மையான மதிப்பு முடிவில் மட்டும் இல்லை. இந்த வசனத்தை நூற்றாண்டுகள்தோறும் யார் எப்படிப் படித்தார்கள் என்ற வரலாற்றை அவர் தொகுத்திருப்பது, முடிவை ஏற்காதவருக்கும் பயன்படும். கிரேக்கம் தெரியாதவருக்கு மட்டும் பல பக்கங்கள் கடினம்.

அவர்களுக்கு ஆக்டிமையரின் உரைநூல் (1996), எலியட்டின் உரைநூல் (2000) ஆகியவற்றில் இந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும். இருவரும் பெரும்பாலும் டால்டனின் வழியில்தான் போகிறார்கள். இரண்டில் எலியட் விரிவானவர், சில இடங்களில் அளவுக்கு மீறியும். கிரேக்கம் தெரிந்தவர்கள் குரூடெமை முதலில் படித்துவிட்டு டால்டனிடம் போகலாம். அப்போதுதான் எந்த ஆட்சேபத்துக்குப் பதில் தேடுகிறோம் என்பது கையில் இருக்கும்.