கண் ஹெர்பீஸும் அசைக்ளோவிரும்: என் நாலு வருஷ அனுபவம்

2021 மாசி. வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வயலில் வெட்டு மெஷின் இறங்கிய நாள். பொழுதுபடப் பட்டிருப்புப் பாலம் தாண்டி களுவாஞ்சிகுடிக்குத் திரும்பும்போதே வலது கண் உறுத்தத் தொடங்கிவிட்டது. வேளாண்மை வெட்டில் கண்ணுக்குள் சுணை விழுவது எங்களுக்குப் புதிதில்லை. கழுவிவிட்டுப் படுத்தேன். விடிந்தபோது கண் சிவந்து தண்ணீர் வடிந்தது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் வலி பெரிதாக இல்லை. வலி இல்லாததால் நானும் பெரிதாக எடுக்கவில்லை. ஹெர்பீஸ் வைரஸ் கருவிழியின் உணர்ச்சியையே மங்கச் செய்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு பாமசியில் போய்ச் சொன்னேன். டொக்டரின் துண்டு எதுவும் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தைத் தந்தார்கள். இரண்டு நாளில் சிவப்புக் குறைந்தது, சுகமாகிவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தால், வலது கண்ணுக்கு எழுத்தெல்லாம் புகைக்குள் நின்றது.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் முதலில் ஒரு துளிப் பஞ்சுத் திரியால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். இடது கண் உடனே சிமிட்டியது. வலது கண் சும்மா இருந்தது. பிறகு செம்மஞ்சள் சாயம் ஒன்றைக் கண்ணில் வைத்து நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார் டொக்டர். இந்தப் புண் வழக்கமாக மரக்கொப்பு கிளைவிட்ட மாதிரிப் பச்சையாக மின்னுமாம். என்னுடையது கிளையெல்லாம் சேர்ந்து, தேசப்படம் போல அகன்றிருந்தது. "சேர், இதுக்கு என்ன மருந்து விட்டீங்க?" என்று கேட்டார். போத்தலைக் காட்டினேன். அது ஸ்டீரொய்ட் கலந்தது. ஸ்டீரொய்ட் சிவப்பை அடக்கும், கூடவே உடம்பின் எதிர்ப்பையும் அடக்கும். அதனால் நான் சுகம் என்று நினைத்த நாளெல்லாம் வைரஸ் தடையில்லாமல் பெருகியிருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணமே இதுதான். சிவந்த கண்ணுக்கு டொக்டர் பார்க்காமல் எந்தச் சொட்டு மருந்தையும் விடாதீர்கள்.

நோயின் பெயர் ஹெர்பீஸ் என்றதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏதோ தப்பான வருத்தம் என்று நினைத்துவிட்டேன். டொக்டர் கேட்டது ஒரே கேள்வி: சின்ன வயதில் காய்ச்சலோடு உதட்டில் கொப்புளம் வருமா? வரும். "காய்ச்சல் விட்டுட்டு மனே, அதான் வாயில பொங்கியிருக்கு" என்று அம்மா சொல்லுவார். அதே வைரஸ்தான். பெரும்பாலும் சிறு வயதில் வீட்டாரின் முத்தத்திலும் எச்சிலிலும் வந்து, முகத்து நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வருஷங்கள் கழித்து உதட்டுக்கும் இறங்கும், சிலருக்குக் கண்ணுக்கும் இறங்கும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சரி, மருந்துக்கு வருகிறேன். அசைக்ளோவிர் உடம்பில் சும்மா சுற்றித் திரியும், நல்ல கலங்களை அநேகமாகத் தொடாது. வைரஸ் புகுந்த கலத்தில் மட்டும், வைரஸின் நொதியம் ஒன்றே அதைத் தட்டி எழுப்புகிறது. வைரஸ் தன்னைப் பிரதி எடுப்பதை மருதமுனைத் தறியில் நூல் ஓடுவது போல நினைத்துப் பாருங்கள். அசைக்ளோவிர் நல்ல நூல் போலவே உள்ளே போகும், ஆனால் அதன் மறுமுனையில் அடுத்த நூலை முடிய இடமில்லை. நெசவு அந்த இடத்திலேயே நின்றுவிடும். இந்த மருந்து ஜெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக் குழுவிலிருந்து வந்தது. 1988இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அந்த அம்மாவின் படத்தை நான் வகுப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

தறி ஓடினால்தான் நூல் போய் நிறுத்த முடியும். நரம்பு முடிச்சில் தூங்கும் வைரஸை இந்த மருந்தால் தொட முடியாது. அதனால் இது நோயை வேரோடு எடுக்கும் மருந்தல்ல. எழும்பும்போது அடக்கும், எழும்ப விடாமலும் ஓரளவு காக்கும். இதை முதலிலேயே விளங்கிக்கொண்டிருந்தால் அடுத்த முறை வந்தபோது நான் அவ்வளவு உடைந்துபோயிருக்க மாட்டேன்.

முதல் முறை 3 வீதக் கண் களிம்பு, ஒரு நாளைக்கு 5 தடவை. காலை 6, 10, பின்னேரம் 2, 6, இரவு 10. கீழ் இமையை இழுத்து ஒரு சென்ரிமீற்றர் அளவு வைக்க வேண்டும். வைத்ததும் சுள்ளென்று எரியும், பிறகு கால் மணித்தியாலம் கண் முழுக்க எண்ணெய் பூசிய மாதிரி மங்கல். மோட்டார் சைக்கிள் ஓட முடியாது, பேப்பர் திருத்த முடியாது. 10 மணிக்கும் 2 மணிக்கும் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட என் மாணவன் ஒருவன் நேரம் பார்த்து வருவான். புண் ஆறிய பிறகும் 3 நாள் போடச் சொன்னார்கள், போட்டேன். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது. ஆறியது, ஆனால் மெல்லிய தழும்பு ஒன்று நின்றுவிட்டது.

2022 ஆடி. பெற்றோலுக்கு இரண்டு நாள் வெயிலில் வரிசையில் நின்றேன். வெயிலா, நித்திரை இல்லாததா, வீட்டுக் கவலையா, எது எழுப்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த முறை புண் மேலே இல்லை, கருவிழியின் உள்படலம் வீங்கியிருந்தது. இதற்கு டொக்டரே ஸ்டீரொய்ட் சொட்டு எழுதினார்! எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அசைக்ளோவிர் குளிசையைக் காவலுக்கு வைத்து, வாரத்துக்கு வாரம் சாயம் போட்டுப் பார்த்து, பத்து வாரத்துக்கு மேல் மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்தினார். முதல் முறை என் கண்ணைக் கெடுத்த மருந்துதான் இந்த முறை காப்பாற்றியது.

அது நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு இருந்த காலம். குளிசைக்கு நாலைந்து பாமசி ஏறி இறங்கினேன். கடைசியில் கொழும்பில் இருந்த மச்சான் வாங்கி பஸ்ஸில் அனுப்பினார். கையில் பத்து நாளுக்குரியது மிஞ்சும்போதே அடுத்ததைத் தேடும் பழக்கம் அப்போது வந்தது, இன்னும் விடவில்லை.

அதன் பிறகுதான் நீண்டகாலக் குளிசை: 400 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஒரு வருஷம். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டபோது டொக்டர் சொன்ன கணக்கு இது. அமெரிக்காவில் கண் ஹெர்பீஸ் வந்திருந்த 703 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. 12 மாதம் இந்த அளவில் எடுத்தவர்களில் 19 வீதமானோருக்குத் திரும்ப வந்தது. மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 32 வீதம். இல்லாமல் போய்விடாது, ஆனால் குறையும். ஒவ்வொரு முறையும் ஒரு தழும்பு விழும் கண்ணுக்கு அந்தக் குறைவு பெரிய விஷயம்.

எடுத்த அனுபவம்? முதல் இரண்டு வாரம் லேசான தலையிடி, வெறும் வயிற்றில் எடுத்தால் ஓங்காளம். சாப்பிட்டு எடுத்தேன், போய்விட்டது. வேறு தொல்லை எனக்கு வரவில்லை. தொடங்க முதல் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்தார்கள், இடையிலும் பார்த்தார்கள், ஏனென்றால் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். தண்ணீர் குறைந்தால் அது சிறுநீரகத்தில் பளிங்காகப் படியக்கூடும். வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நான் போத்தல் இல்லாமல் வெளியே போவதில்லை. மறதிதான் பெரிய எதிரி. இரவுக் குளிசையை அடிக்கடி விட்டேன். பிறகு பல் தீட்டும் பிரஷ் இருக்கும் கோப்பைக்குள் அட்டையை வைத்தேன், தப்பவில்லை.

வலசைக்ளோவிர் என்று இன்னொன்று உண்டு. அது உடம்புக்குள் போய் அசைக்ளோவிராகத்தான் மாறுகிறது, ஆனால் குடலில் கூடுதலாக உறிஞ்சப்படுவதால் குறைந்த தடவை எடுத்தால் போதும். விலை எனக்குக் கட்டாது என்பதால் மாறவில்லை.

இதே காலத்தில் மாமிக்கு இடுப்பில் அக்கி வந்தது. அது கொப்புளிப்பான் (சின்னம்மை) வைரஸ், இதே குடும்பம். வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளுக்கு 5 தடவை, 7 நாள். மாமிக்குச் சலரோகத்தால் சிறுநீரகம் பலவீனம் என்பதால் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். என் குளிசையை அவருக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வீட்டில் வேப்பிலை கட்டி, கண்ணகி அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். அதை நான் தடுக்கவில்லை. குளிர்த்திச் சடங்குக்கு அம்மன் வாசலில் நின்று வளர்ந்தவன் நான். ஆனால் கொப்புளம் கண்ட அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், ஏனென்றால் அக்கிக்கு 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். வேப்பிலையும் குளிசையும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று தடுக்காமல் இருந்தன.

2023 ஐப்பசியில் குளிசையை நிறுத்தினோம். ஒரு வருஷம் சும்மா இருந்த கண் 2024 கார்த்திகையில் திரும்பச் சிவந்தது. அன்றே போனேன். சின்னக் கிளை ஒன்றுதான், தழும்பு விழாமல் ஒன்பது நாளில் ஆறியது. இப்போது இரண்டாம் சுற்றுக் குளிசை நடக்கிறது.

இந்த மாசியில் மூடின கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வெட்டுக்குப் போனேன். அப்படியிருந்தும் இரவு வலது கண் உறுத்தியது. நித்திரை வரவில்லை. விடிய முதல் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய், கிளினிக் கொப்பியோடு வரிசையில் நின்றேன். டொக்டர் சாயம் வைத்து, நீல வெளிச்சம் அடித்து, இமையைப் புரட்டி நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு பஞ்சு நுனியைக் காட்டினார்.

"சுணைதான் சேர். எடுத்திட்டேன்."