நிலவேம்பா, சீந்திலா?

இரண்டும் மருந்து மூலிகைகள். கசப்பில் நிலவேம்புதான் ஜெயிக்கும். ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருளின் வேலை அது. காய்ச்சலுக்குச் சித்த மருத்துவம் தரும் நிலவேம்புக் குடிநீரில் இதோடு சுக்கு, மிளகு, வெட்டிவேர் எனச் சேர்த்து மொத்தம் 9 சரக்குகள். சிலருக்கு வயிற்றைப் புரட்டும். அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் வரலாம்.

சீந்தில் ஒரு கொடி, தண்டுதான் மருந்து. அதிலிருந்து எடுக்கும் மாவுக்குச் சீந்தில் சர்க்கரை என்று பெயர் (இனிப்பு பெயரில் மட்டும்!). ஆனால் கோவிட் காலத்தில் சீந்திலைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. சரி, சர்ச்சை இருக்கட்டும். தினசரி டானிக்காகச் சீந்திலை நான் பரிந்துரைக்க மாட்டேன், கல்லீரல் கோளாறோ தன்னெதிர்ப்பு நோயோ (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்குவது) இருந்தால் கிட்டவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இரண்டும் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடவேண்டும்.