பாட்டு கேட்கும், அழைப்பு கேட்குமா? திறந்த மூலக் கைபேசிகளில் கம்பியில்லா ஹெட்செட்

காலை நேரத்தில் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து எபேனுக்குப் போகும் மெட்ரோவில் ஏறினால், பலர் காதில் இயர்பட்ஸ்தான். எபேன் சைபர் சிட்டியின் அழைப்பு மையங்களில் நாள் முழுவதும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசித் தீர்க்கிறவர்கள், வரும் வழியிலும் போகும் வழியிலும் காதுக்கு ஓய்வு தருவதில்லை. இவர்களில் கூகுளின் கண்காணிப்பு வேண்டாம் என்று நினைக்கும் சிலர், மென்பொருள் நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூலக் கைபேசிகளைப் பற்றி விசாரிக்கிறார்கள். கேமரா எப்படி என்று கேட்பதற்கு முன்பே வருகிற கேள்வி: "என் இயர்பட்ஸ் இதில் வேலை செய்யுமா?"

செய்யும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிப் பதில். புளூடூத் ஹெட்செட் கைபேசியோடு இரண்டு வேறு வழிகளில் பேசுகிறது. பாட்டுக்கு ஏ2டிபி என்ற வழி: ஒலி ஒரே திசையில், ஸ்டீரியோவாகப் போகும். அழைப்புக்கு எச்எஃப்பி என்ற வழி: குரல் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். முதல் வழி ஏறக்குறைய எல்லாத் திறந்த மூலக் கைபேசிகளிலும் சீராக இருக்கிறது. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது இரண்டாவது வழிதான். கடையில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறவர்கள் எதையும் சோதிக்கவில்லை என்றே சொல்வேன்.

காரணம் எளிது. பாட்டு ஒரு கோப்பு. செயலி (பிராசஸர்) அதைப் பிரித்து, எஸ்பிசி போன்ற ஒரு முறையில் சுருக்கி, புளூடூத் சில்லுக்குத் தள்ளிவிடுகிறது. எல்லாம் மென்பொருள் வேலை. லினக்ஸ் இயங்குதளத்தில் இதைச் செய்யும் புளூஸி என்ற மென்பொருள் 2001 முதல் இருக்கிறது. மேசைக் கணினிகளில் அடிபட்டுத் தேறியது. அழைப்பில் வரும் குரல் அப்படியல்ல. அது மோடத்திலிருந்து வருகிறது. மோடம் என்பது கோபுரத்தோடு பேசுவதற்காகக் கைபேசிக்குள் இருக்கும் இன்னொரு தனிக் கணினி. பல கைபேசிகளில் மோடத்தின் குரல் முதன்மைச் செயலியைத் தொடுவதே இல்லை. ஒலிச் சில்லு வழியாக நேரே ஒலிபெருக்கிக்கோ புளூடூத்துக்கோ போய்விடும். அந்தப் பாதையைத் திறந்துவிடும் நிரல் பெரும்பாலும் சில்லு தயாரிப்பாளரின் மூடிய பெட்டியில் இருக்கிறது. ஒரு கைபேசி எவ்வளவு திறந்ததோ, இந்த ஒரு விஷயத்தில் அவ்வளவு சிரமம் என்பது இதனால்தான்.

பைன்ஃபோனை எடுத்துக்கொள்வோம். 2020-இல் பைன்64 நிறுவனம் விற்கத் தொடங்கியது. ஏறத்தாழ 150 டாலரில் கிடைத்த, உண்மையிலேயே லினக்ஸ் ஓடும் கைபேசி. வேகத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஒலியமைப்பு மட்டும் பார்க்கத் தக்கது. அதன் ஆல்வின்னர் ஏ64 சில்லில் உள்ள ஒலிப் பகுதிக்கு மூன்று வாசல்கள்: ஒன்று செயலிக்கு, ஒன்று மோடத்துக்கு, ஒன்று புளூடூத்துக்கு. ஆக, மோடத்தின் குரலை செயலியை எழுப்பாமலே ஹெட்செட்டுக்கு அனுப்பும் பாதை பலகையிலேயே போடப்பட்டிருக்கிறது. காகிதத்தில் அழகான வடிவமைப்பு. நடப்பில், அந்த வாசல்களைச் சரியான நேரத்தில் திறந்து மூடும் மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதித்தான் ஆகவேண்டும். ஒலிபெருக்கிக்கும் கம்பி ஹெட்செட்டுக்கும் அந்த வேலை முதலில் முடிந்தது. புளூடூத் வரிசையில் பின்னால் நின்றது.

இன்னொரு தொல்லை வன்பொருளிலேயே. பைன்ஃபோனில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே ரியல்டெக் சில்லில் இருக்கின்றன, வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் தவிர வேறு அலைவரிசை இல்லை. புளூடூத்தும் அதே 2.4-இல்தான். பெரிய கோப்பு ஒன்று இறங்கும்போது பாட்டு திக்கித் திக்கி வருவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பின்மூடியைக் கழற்றினால் ஆறு சிறு சுவிட்சுகள் தெரியும். மோடம், மைக், கேமராக்கள் எனத் தனித்தனியாக மின்சாரத்தையே துண்டிக்கலாம். வைஃபைக்கும் புளூடூத்துக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். ஆகவே வைஃபையை வன்பொருள் அளவில் அணைக்கும் எச்சரிக்கைக்காரர் கம்பியில்லா ஹெட்செட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஆறாவது சுவிட்ச் வேடிக்கையானது: அதை அணைத்தால் 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் துளை, நிரலாளர்கள் பயன்படுத்தும் சீரியல் போர்ட்டாக மாறிவிடும். கம்பி ஹெட்செட்டைச் செருகியும் சத்தம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

லிப்ரெம் 5 வேறு வழியில் போகிறது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். பியூரிசம் நிறுவனம் 2017-இல் 599 டாலருக்கு முன்பதிவு தொடங்கியது. 2019 இறுதியில்தான் முதல் கருவிகள் கைக்கு வந்தன. விலை பிறகு ஏறியது. இதில் மோடமும் வைஃபை-புளூடூத் அட்டையும் கழற்றி மாற்றக்கூடிய தனி அட்டைகள். மோடத்தின் குரல் செயலிக்குள் வருகிறது. அங்கே ஓடும் ஒரு சிறு நிரல், அழைப்பு தொடங்கியதும் மோடத்தையும் மைக், ஸ்பீக்கரையும் மென்பொருளிலேயே இணைத்துவிடுகிறது. அழைப்பு முடிந்ததும் பிரித்துவிடுகிறது. குரல் ஒருமுறை மென்பொருளுக்குள் வந்துவிட்டால் அதை எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம், புளூடூத் ஹெட்செட் உட்பட. மூடிய பெட்டியின் தயவு தேவையில்லை. விலையும் உண்டு: அழைப்பு முழுவதும் செயலி விழித்திருக்க வேண்டும், பேட்டரி கரையும், குரலில் சிறு தாமதம் சேரும். பக்கவாட்டில் மூன்று சுவிட்சுகள். இங்கேயும் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சுவிட்சில். 260 கிராமுக்கு மேல் எடையுள்ள இந்தச் செங்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கியூர்பீப் மழையில் நடப்பவரின் கொள்கைப் பிடிப்பை மெச்சத்தான் வேண்டும்.

ஹெட்செட்டின் பொத்தானை அழுத்தி அழைப்பை எடுப்பது தனிக் கதை. பொத்தானை அழுத்தினால் ஹெட்செட் 'ஏடிஏ' என்ற மூன்றெழுத்துக் கட்டளையை அனுப்புகிறது. 1980-களின் தொலைபேசி மோடங்கள் பேசிய அதே மொழி, இன்னும் சாகவில்லை. கைபேசியில் யாராவது அதைப் புரிந்துகொண்டு மோடத்திடம் "எடு" என்று சொல்ல வேண்டும். ஓஃபோனோ என்ற தொலைபேசி அடுக்கு இதைப் பழைய நாளிலிருந்தே செய்கிறது. மோடத்தை நடத்த மோடம்மேனேஜர் என்ற வேறொரு மென்பொருளை நம்பிய லினக்ஸ் கைபேசிகளில்தான் இடையில் ஆள் இல்லாமல் இருந்தது. பைப்வயர் என்ற புதிய ஒலிச் சேவை மோடம்மேனேஜரோடு பேசக் கற்றுக்கொண்ட பிறகு அந்த இடைவெளி குறைந்திருக்கிறது. குரல் தரமும் இப்படித்தான் மெல்ல ஏறியது. பைப்வயருக்கு முந்தைய ஒலிச் சேவையான பல்ஸ் ஆடியோவின் 15-ஆம் பதிப்பு 2021-இல் வந்தபோதுதான் 16 கிலோஹெர்ட்ஸ் அகலக் குரல் அதில் சேர்ந்தது. அதற்கு முன் 8 கிலோஹெர்ட்ஸ், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

உபுண்டு டச், செயில்ஃபிஷ் என்ற இரண்டு கைபேசி இயங்குதளங்களையும் சுருக்கமாக முடித்துவிடலாம். உபுண்டு டச்சை 2017-இல் அதை உருவாக்கிய கனோனிகல் நிறுவனம் கைவிட்டது. யுபிபோர்ட்ஸ் சமூகம் எடுத்து நடத்துகிறது. பின்லாந்தின் யோல்லா செய்யும் செயில்ஃபிஷின் மேல்தோற்றம் திறந்த மூலம் அல்ல என்பதால் கறாரானவர்கள் அதைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. இரண்டும் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுக்காக வந்த கைபேசிகளில், அந்த ஆண்ட்ராய்டு இயக்கிகளைக் கடன் வாங்கியே ஓடுகின்றன. அதனால் ஹெட்செட் அழைப்பு கருவிக்குக் கருவி மாறும். ஒரு மாடலில் கச்சிதம், அடுத்த மாடலில் ஊமை. யுபிபோர்ட்ஸ் ஒவ்வொரு கருவிக்கும் எது வேலை செய்கிறது என்று பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் வாங்குவது வீண் செலவு.

இனி ஆண்ட்ராய்டின் திறந்த மூலக் கிளைகள்: கூகுளின் பிக்சல் கைபேசிகளில் ஓடும் கிராஃபீன்ஓஎஸ், எத்தனையோ கைபேசிகளில் ஓடும் லினேஜ்ஓஎஸ், லினேஜ்ஓஎஸ்ஸின் மேல் கட்டப்பட்டு ஃபேர்ஃபோன் கைபேசிகளிலும் வரும் /இ/ஓஎஸ். ஹெட்செட்டைப் பொறுத்தவரை இவைதான் வெற்றியாளர்கள், சந்தேகமே வேண்டாம். பாட்டு, அழைப்பு, பொத்தான், கார் ஸ்பீக்கர் எல்லாம் நடக்கும். ஆண்ட்ராய்டு 2012-லேயே புளூஸியை விட்டுத் தனிப் புளூடூத் மென்பொருளுக்கு மாறிவிட்டது. சோனியின் எல்டிஏசி என்ற உயர்தர ஒலிச் சுருக்க முறை 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் திறந்த மூல நிரலில் சேர்ந்தது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய எல்இ ஆடியோ ஆண்ட்ராய்டு 13-இல் வந்தது. ஆனால் அழைப்பைப் புளூடூத்துக்குத் திருப்பும் அந்த மூடிய பெட்டி இங்கே அப்படியே உள்ளே இருக்கிறது. வெற்றிக்குக் காரணமே அதுதான். முழுத் திறப்பைத் தேடி வந்தவருக்கு இது உறுத்தும். வேலை நடந்தால் போதும் என்பவருக்கு உறுத்தாது.

கிராஃபீன்ஓஎஸ்ஸுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பெண் தருகிறேன். யாரும் இணையவில்லை என்றால் குறித்த நேரத்துக்குப் பின் புளூடூத்தைத் தானே அணைக்கும் வசதி அதில் உண்டு. 2017-இல் புளூபோர்ன் என்ற பெயரில் வெளிவந்த ஓட்டைகள், இணைக்காத கைபேசியையும் புளூடூத் வழியே தாக்க முடியும் என்று காட்டிய பிறகு, கூட்டமான மெட்ரோப் பெட்டியில் புளூடூத்தைத் திறந்தே வைத்திருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. 2024 மார்ச்சில் ஆண்ட்ராய்டின் புளூடூத் நிரலில் இருந்த ஒரு நினைவகப் பிழையைப் பிக்சல் 8-இன் நினைவக அடையாளக் காவல் (தப்பான நினைவக அணுகலைப் பிடிக்கும் வன்பொருள் வசதி) பிடித்ததும், கிராஃபீன்ஓஎஸ் அந்தக் காவலை இயல்பாகவே இயக்கி வைத்திருந்ததால்தான்.

முரண் ஒன்று கவனிக்கத் தக்கது. புளூடூத் அழைப்பில் தடுமாறும் பைன்ஃபோனிலும், அதற்குப் பேட்டரியை விலையாகக் கொடுக்கும் லிப்ரெமிலும் 3.5 மி.மீ. துளை இருக்கிறது. புளூடூத்தில் கெட்டிக்காரர்களான புதிய பிக்சல்களிலும், ஃபேர்ஃபோன் 4 முதல் வந்தவற்றிலும் அது இல்லை. ஃபேர்ஃபோன் 2021-இல் துளையை எடுத்துவிட்டு, அதே சமயத்தில் தன் பெயரில் கம்பியில்லா இயர்பட்ஸ் விற்றதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பழுதுபார்க்கத் தக்க கைபேசி என்று சொல்லிக்கொண்டு, சில ஆண்டுகளில் பேட்டரி செத்துவிடும் பொருளை வாங்கச் சொல்வது என்ன நியாயம்?

ஹெட்செட் பக்கமும் ஒரு தேர்வு இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் ஹெட்செட்டுகள் இரைச்சல் நீக்கம், ஈக்வலைசர் எல்லாவற்றையும் தம் சொந்த ஆப்புக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டுக் கிளைகளில் கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற திறந்த மூல ஆப் சாம்சங், சோனி, நத்திங் இயர்பட்ஸ் சிலவற்றுக்கு அந்தப் பூட்டைத் திறக்கிறது. பைன்64-இன் பைன்பட்ஸ் புரோவில் இயர்பட்ஸின் நிரலையே மாற்றி எழுதலாம். ஆர்வமுள்ளவர்களுக்கு விருந்து, என் அத்தைக்கு வாங்கித் தர மாட்டேன். எல்டிஏசியின் 990 கிலோபிட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதும் வீண். மெட்ரோ நெரிசலில் அந்த வேகம் நிலைத்து நிற்பதில்லை, எஸ்பிசியே போதும்.

இங்கே நம்மில் பலருடைய பேச்சு சிம் அழைப்பில் நடப்பதே இல்லை. ரீயூனியனில் உள்ள அக்காவோடும் லண்டனில் உள்ள மகனோடும் பேசுவது வாட்ஸ்அப்பில். இணைய அழைப்பில் குரல் மோடத்தின் ஒலிப்பாதையைத் தொடுவதில்லை, செயலியிலேயே பிறக்கிறது. அதனால் சிம் அழைப்பில் ஊமையாகும் லினக்ஸ் கைபேசி, உலாவியில் ஜிட்சி என்ற இணைய அழைப்புச் சேவையிலோ, டினோ என்ற அரட்டை ஆப்பிலோ அதே ஹெட்செட்டில் பேசிவிடும். சிக்கல், வாட்ஸ்அப்புக்கு லினக்ஸ் கைபேசி ஆப் கிடையாது என்பது. குடும்பமே வாட்ஸ்அப்பில் இருக்கும்போது அக்காவை டினோவுக்கு மாற்றுவது எந்த மென்பொருளாலும் ஆகாத காரியம்.

ஆகவே வண்டி ஓட்டிக்கொண்டே பேச வேண்டியவர்களும், நாள் முழுவதும் அழைப்பில் இருப்பவர்களும் பழைய பிக்சல் ஒன்றில் கிராஃபீன்ஓஎஸ்ஸுக்குப் போகலாம். இன்னும் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். லினக்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் லிப்ரெமை எடுக்கலாம், அல்லது பைன்ஃபோனோடு ஒரு கம்பி ஹெட்செட். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

எதை வாங்கினாலும் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை. ஹெட்செட்டை இணைத்துவிட்டு யாரையாவது சாதாரண சிம் அழைப்பில் கூப்பிடச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தி எடுங்கள். குரல் காதில் கேட்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம். சில கருவிகளில் காது ஹெட்செட்டுக்கு வந்துவிடும், மைக் மட்டும் கைபேசியிலேயே நின்றுவிடும். கைபேசியை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் பேசுங்கள். எதிர்முனையில் இருப்பவர் "சரியாகக் கேட்கவில்லை" என்றால் பெட்டியை மறுபடி கட்டிவிடலாம்.