பல வருஷமா அழிக்காம வெச்சிருக்க சில இண்டி கேம்ஸ்

ஸ்டோரேஜ் ஃபுல் ஆச்சுன்னா நான் முதல்ல தூக்குறது பெரிய பெரிய கேமைத்தான், ஆனா பெரிய கம்பெனி இல்லாம ஒருத்தரோ சின்ன டீமோ பண்ண (அதான் இண்டி) இந்த நாலு சின்ன கேம்ல மட்டும் கை வைக்கவே மாட்டேன், ஏன்னு யோசிச்சா எல்லாத்துலயும் ஒரு விஷயம் பொதுவா இருக்கு, ஆடுறவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்கன்னு நம்பி விட்டுடுறாங்க.

ஹாலோ நைட்ட எடுத்துக்குங்க. 2017ல வந்தது, ஆஸ்திரேலியாவுல டீம் செர்ரின்னு ரொம்பச் சின்ன டீம் பண்ணது. புது ஏரியாவுக்குள்ள போனா மேப் கிடையாது, இருட்டுல சுத்திட்டே இருக்கணும், திடீர்னு எங்கயோ ஒருத்தன் முனகிப் பாடுற சத்தம் கேக்கும், தரையில பேப்பர் பேப்பரா கிடக்கும், அதப் புடிச்சுப் போனா மேப் விக்கிற கார்னிஃபர் உக்காந்திருப்பான். அவன்கிட்ட வாங்குற மேப்பும் அரைகுறைதான், நம்ம நடந்த இடத்த வரையணும்னா குவில்னு ஒரு இறகுப் பேனா வாங்கி வெச்சுக்கிட்டு பெஞ்சுல போய் உக்காரணும். முதல் வாரம் இது எனக்கு செம எரிச்சல். இப்போ எத்தனையோ தடவ ஆடியாச்சு, அந்த ஊரு மொத்தமும் மனசுலயே இருக்கு, எந்த லிஃப்ட் எங்க போகும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், அம்பு போட்டு வழி காட்டுற கேம் எதுவும் எனக்கு இப்படி நெனவுல நின்னதே இல்ல.

தாவித் தாவி மலை ஏறுற செலெஸ்ட் (2018) கஷ்டமான கேம்னு எல்லாரும் சொல்லுவாங்க, நெசந்தான், ஆனா அது நம்ம பக்கம் நிக்கிற கேம். விளிம்பத் தாண்டி காலு காத்துல போன பிறகும் கண்ணிமைக்கிற நேரத்துக்கு ஜம்ப் அடிக்க விடும், செத்தா உடனே அதே ரூம்ல நிக்க வைக்கும், அசிஸ்ட் மோட்ல வேகத்தையே குறைச்சுக்கலாம்.

ஸ்டார்ட்யூ வேலிங்கிற விவசாய கேம எரிக் பரோன் ஒரே ஆளா கிட்டத்தட்ட நாலரை வருஷம் உக்காந்து பண்ணார், கோடிங், படம், மியூசிக் எல்லாமே அவர்தான். 2016ல வந்ததுக்கு 2024ல கூட 1.6 அப்டேட் ஃப்ரீயா வந்துச்சு. கேம்ல ஒரு நாள்னா நமக்கு சுமார் 14 நிமிஷம், அதனால இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு போயிட்டே இருக்கும். என் முதல் பண்ணைல லாபக் கணக்கு மட்டுமே பாத்தேன், ஒரு கட்டத்துல வேலை மாதிரி ஆகி விட்டுட்டேன். ரெண்டாவது பண்ணைல மீன் புடிக்கிறது, ஊர்க்காரங்க பொறந்தநாளுக்கு கிஃப்ட் குடுக்கிறதுன்னு மெதுவா போனேன், அதுதான் இன்னிக்கும் ஓடிட்டிருக்கு. புதுசா ஆரம்பிக்கிறவங்க தயவுசெஞ்சு கேம்ல முதல் வருஷம் முடியுற வரைக்கும், எல்லா விவரமும் போட்டு வெச்சிருக்கிற அந்த கேம் விக்கி சைட்டப் பாக்காதீங்க.

கடைசியா ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது. லூகாஸ் போப் பண்ணது, 2018. கப்பல்ல இருந்த 60 பேரு யாரு, என்ன ஆனாங்கன்னு ஒரு புக்ல எழுதணும், கருப்பு வெள்ளைப் படம், ஒவ்வொரு சாவும் நடக்குற அந்த ஒரு நொடி மட்டும் உறைஞ்சு நிக்கும், அதுக்குள்ள நடந்து பாக்கலாம். மூணு பேருக்கு சரியா எழுதினாத்தான் சரின்னு சொல்லும், அதனால குத்துமதிப்பா அடிக்கிறது சுலபமில்ல, உச்சரிப்பு, உடுப்பு, யாரு யாரு பக்கத்துல நிக்கிறாங்கன்னு ஒவ்வொண்ணா கவனிக்கணும். ஒரு நோட்டு முழுக்க எழுதி வெச்சு முடிச்சேன். குறைன்னா ஒண்ணுதான், விடை தெரிஞ்சுட்டா மறுபடி ஆட முடியாது. மறந்ததும் திரும்ப ஆடலாம்னு விட்டு வெச்சிருக்கேன், மூணு வருஷம் ஆச்சு, ஒரு முகமும் மறக்கல.