மாதவிடாய் தவறினால்: கிளினிக்கா, செனலிங்கா, பாமசியா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் மாதவிடாய் முறை தவறினால் பெண்கள் போகிற வழி மூன்று. அரச வைத்தியசாலைக் கிளினிக், தனியார் செனலிங் (காசு கட்டி விரும்பிய டொக்டரிடம் காட்டுவது), பாமசிக் குளிசை. நாங்கள் கிளினிக் பக்கம்தான்.

பாமசியை முதலில் தள்ளிவிடலாம். மாமாங்கத் தீர்த்தத்துக்கோ உம்றாவுக்கோ நாளைத் தள்ளிப்போட டொக்டர் நோரெதிஸ்டெரோன் என்ற ஓமோன் குளிசையை எழுதித் தருவது வேறு. வராத மாதவிடாயை வரவைக்க அதையே தானாக வாங்கிப் போட்டால், நிறுத்திச் சில நாளில் இரத்தம் படும், காரணம் மட்டும் அப்படியே இருக்கும். பாமசியில் வாங்க வேண்டியது கர்ப்பம் பார்க்கும் பட்டிதான்.

எப்போது போவது? வளர்ந்த பெண்ணுக்கு 24 முதல் 38 நாள் வரை வழமை. பெரியபிள்ளையாகி முதல் மூன்று வருடத்தில் கொஞ்சம் முன்பின்னாக வருவதும் வழமைதான். ஆனால் 90 நாளாகியும் வராவிட்டால், 8 நாளுக்கு மேல் பட்டால், இடையிலோ உறவுக்குப் பிறகோ இரத்தம் கண்டால், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால் காட்டவே வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி பட்டாலும் அப்படித்தான்.

செனலிங்கில் பெண் டொக்டரைத் தெரிவு செய்யலாம், மாலையில் போகலாம். கலியாணமாகாத பிள்ளையைக் கூட்டிப்போகும் தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல், அதை நாங்கள் மறுக்கவில்லை. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும்.

எங்களுக்கு முடிவைத் தீர்த்தது தொடர்ச்சிதான். இது ஒருமுறை காட்டி முடிகிற விஷயமில்லை. முதல் நாளில் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையும் (இரத்தச்சோகை பார்க்க எச்பி, ஓமோன் பார்க்க தைரொயிட், புரொலக்டின்) ஸ்கேனும்தான் எழுதுவார்கள். மறுமுறைதான் மருந்து. அது பிடிக்கிறதா என்று பார்க்கவே மூன்று மாதமாவது வேண்டும். பிசிஓஎஸ் (ஓமோன் குழம்பி முட்டை ஒழுங்காக வெளிவராத சூலகக் கோளாறு) என்றால் வருடக்கணக்கு. மாதவிடாய் மாதக்கணக்கில் வராமலே விட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்துப்போகும், அதனால் இடையில் விடக்கூடாது. தனியாரில் ஒவ்வொரு தடவையும் காசு. கை இறுகும்போது முதலில் நிற்பது டொக்டரிடம் போய்வருவதுதான்.

போதனா வைத்தியசாலையிலோ, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று போன்ற ஆதார வைத்தியசாலைகளிலோ ஓபிடியில் காட்டிக் கிளினிக்குக்குத் துண்டு வாங்கலாம். குறை என்னவென்றால், காலையிலேயே வரிசை, டொக்டரும் மாறுவார். அதனால் உங்கள் கிளினிக் கொப்பிதான் பேச வேண்டும். எல்லா ரிப்போட்டையும் அதிலேயே ஒட்டுங்கள்.

கலண்டரில் இரத்தம் பட்ட முதல் நாளைக் குறியுங்கள். நின்ற நாளிலிருந்து எண்ணுவதுதான் பலர் விடும் பிழை. ஜனவரி 3 பட்டு பெப்ரவரி 5 மறுபடி பட்டால் அது 33 நாள். எத்தனை பாட் மாற்றினீர்கள், கட்டி விழுந்ததா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இரண்டு மணித்தியாலமாக மணிக்கொரு பாட் நனைந்தால், அல்லது நாள் தள்ளியிருக்கையில் அடிவயிறு ஒரு பக்கம் குத்தி மயக்கம் வந்தால், கிளினிக்கும் வேண்டாம், செனலிங்கும் வேண்டாம். உடனே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.